கண்ணைத் திருத்த வேண்டாம், விளக்கை நகர்த்துங்கள்

ஆவணி முகூர்த்தங்கள் தொடங்கிவிட்டன. இனி சில வாரங்களுக்கு எங்கள் தொழிலில் யாருக்கும் முழுத் தூக்கம் இருக்காது. விடிவதற்கு முன்பே போய் நிற்க வேண்டும். அரை இருட்டிலும் ஓமப் புகையிலும் உறவுக்கூட்டத்தின் நெரிசலிலும் படம் எடுக்க வேண்டும். இந்த அவசரத்தில் எங்கள் ஆட்கள் வாயில் அடிக்கடி வரும் ஒரு பேச்சு உண்டு: “ரெட் ஐ தானே, எடிட்ல பாத்துக்கலாம்.”

காரைக்குடியில் ஸ்டூடியோ வைத்து, இந்த வட்டாரத்துக் கல்யாணங்களையும் சாந்திகளையும் காதுகுத்துகளையும் படம் எடுத்துப் பிழைப்பவன் நான். இந்தப் பேச்சை எதிர்த்து வெளிப்படையாக எழுத வேண்டும் என்று நீண்ட நாளாக நினைத்திருந்தேன். படத்தில் கண் சிவப்பது, விளக்கு இருக்கக் கூடாத இடத்தில் இருந்ததால் வருவது. விளக்கை நகர்த்தினால் அது வரவே வராது. வந்த பிறகு அழிப்பது சோம்பல். அதுவும் குழந்தைகளின் படத்தில் யோசிக்காமல் அழிப்பது, சில வேளை ஒரு கண்ணையே பறிகொடுக்கும் காரியம்.

கண்ணுக்குள் என்ன நடக்கிறது?

வெயிலில் 2, 3 மில்லிமீட்டர் இருக்கும் கண்மணியின் திறப்பு, இருட்டில் 7 மில்லிமீட்டர் வரை விரியும். பரப்பில் கணக்குப் போட்டால் 5 மடங்குக்கு மேல். பிளாஷ் வெளிச்சம் கண் சிமிட்டும் நேரத்தைவிடக் குறைவான நேரத்தில் வந்து போய்விடுகிறது. கண்மணி சுருங்க அவகாசமே கிடைப்பதில்லை. விரிந்த திறப்பின் வழியே உள்ளே போன ஒளி, விழித்திரைக்குப் பின்னால் ரத்த நாளங்கள் நிறைந்த படலத்தில் பட்டுச் சிவந்து, ஏறத்தாழ வந்த வழியிலேயே திரும்புகிறது. அந்த வழியில் லென்ஸ் நின்றால் சிவப்பு பதிவாகும். கொஞ்சம் தள்ளி நின்றால் கண்மணி கறுப்பாகவே இருக்கும்.

கிணற்றில் விழுந்த வாளியைத் தேடுகிறவர் டார்ச்சைக் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டுதான் எட்டிப் பார்ப்பார். அப்போதுதான் கிணற்றின் அடி தெரியும். டார்ச்சைக் கை நீட்டி எட்டப் பிடித்தால் வெளிச்சம் சுற்றுச்சுவரில் விழும். அடி இருட்டாகவே கிடக்கும். லென்ஸை ஒட்டியிருக்கும் பிளாஷ், கன்னத்தோடு ஒட்டிய டார்ச்தான்.

மாட்டின் கண்ணும் பூனையின் கண்ணும் பச்சையாகவோ மஞ்சளாகவோ மின்னுவதற்குக் காரணம், அவற்றின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் தனிப் படலம் இருப்பது. மனிதருக்கு அது கிடையாது. படத்தில் நாம் பார்க்கும் சிவப்பு, கண்ணின் உள்ளே ஓடும் ரத்தத்தின் நிறம். நம்மவர்களின் கண்ணுக்குள் கருநிறமி அதிகம் என்பதால், நீலக் கண்காரர்களைவிட நமக்குச் சிவப்பு மட்டாகத் தெரியும். ஆனாலும் தெரியும்.

தனி பிளாஷ் இருந்தும் ஏன்?

கேமராவிலேயே இருக்கும் குட்டி பிளாஷை விட்டுவிட்டுத் தனி பிளாஷ் வாங்கிவிட்டால் இந்தத் தொல்லை ஒழிந்தது என்று நினைக்கும் இளைஞர்கள் பலர். பாதிதான் உண்மை. எங்களுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு: எதிரில் இருப்பவர் எத்தனை அடி தூரத்தில் நிற்கிறாரோ, அதில் இருபதில் ஒரு பங்காவது லென்ஸுக்கும் பிளாஷுக்கும் இடைவெளி வேண்டும். 10 அடி தூரத்துக்கு அரை அடி. 20 அடிக்கு ஓர் அடி. 25 அடிக்கு ஒன்றேகால் அடி.

கேமராவின் தலையில் மாட்டிய பிளாஷ், லென்ஸிலிருந்து அரை அடிக்குச் சற்று அதிகமான உயரத்தில் நிற்கும். ஆகவே மணமேடைக்குப் பக்கத்தில் நின்று எடுத்தால் சிக்கல் இல்லை. கூட்டம் மறைக்கிறது என்று பின்வரிசைக்குப் போய், நீள ஜூம் லென்ஸைப் போட்டு, பிளாஷை நேராக நீட்டி அடித்தால், தனி பிளாஷாக இருந்தாலும் கண் சிவக்கும். கையில் இருக்கும் கருவி விலை உயர்ந்ததா என்பது இங்கே பேச்சே இல்லை. கோணம் போதுமா என்பதுதான் பேச்சு. கைபேசியிலோ லென்ஸுக்கும் விளக்குக்கும் நடுவே இருப்பது ஓரிரு சென்டிமீட்டர். அதனால்தான் பல கைபேசிகள் நம்மைக் கேட்காமலேயே கண்ணைக் கறுப்பாக்கித் தருகின்றன.

முந்தைய தலைமுறைக்கு இது நன்றாகத் தெரியும். கோடக் நிறுவனம் 1963இல் இன்ஸ்டமேடிக் கேமராவைக் கொண்டுவந்தது. கேமரா சிறுத்தது, பிளாஷ் லென்ஸை நெருங்கியது, வீட்டுப் படங்களில் கண்கள் சிவந்தன. அதற்கு அன்று கிடைத்த மருந்து, பிளாஷ் க்யூபைச் சில அங்குலம் உயர்த்திப் பிடிக்கும் ஒரு நீட்டிப்புத் துண்டு. விளக்கை நகர்த்துவதுதான் முதல் வைத்தியமாக இருந்தது. நம் ஊர் ஸ்டூடியோக்களில் கேமராவுக்குப் பக்கவாட்டில் கைப்பிடியோடு நிமிர்ந்து நின்ற மெட்ஸ் 45 போன்ற கனத்த பிளாஷ்களைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். லென்ஸுக்கும் விளக்குக்கும் நடுவே தாராளமாக இடைவெளி இருந்தது. அந்த ஆல்பங்களை இன்று புரட்டிப் பாருங்கள். முகத்தில் எண்ணெய் மினுக்கம் தெரியும், பின்சுவரில் கறுப்பு நிழல் விழுந்திருக்கும், கண் சிவந்திருப்பது அபூர்வம்.

அந்தக் காலத்தில் பிளாஷை நேராக அடித்ததற்கு நியாயம் இருந்தது. 100 அல்லது 200 ஐஎஸ்ஓ ஃபிலிம். கூரையில் அடித்துத் திரும்ப வைத்தால் வெளிச்சத்தில் நாலில் ஒரு பங்கு மிஞ்சுவதே பெரிது, படம் இருண்டுவிடும். இன்றைய கேமராக்கள் 1600, 3200 ஐஎஸ்ஓவிலும் தெளிவாகப் பதிகின்றன. நேராக அடிக்க வேண்டிய கட்டாயம் போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. பழக்கம் மட்டும் போகவில்லை.

வளவில் ஒரு முகூர்த்தம்

செட்டிநாட்டு வீட்டில் விடிகாலை முகூர்த்தம் எடுப்பது, வெளிச்சத்தைப் படிக்க நல்ல பள்ளிக்கூடம். முகப்பில் தேக்கு உத்தரங்கள். அங்கே பிளாஷை மேலே திருப்பினால் மரம் பாதி வெளிச்சத்தைக் குடித்துவிடும்; திரும்பி வருவதும் பழுப்பேறி வரும், பட்டுப்புடவையின் பச்சை களிம்பு பிடித்ததுபோல ஆகிவிடும். உள்ளே வளவு வானம் பார்த்த முற்றம். அங்கே மேலே அடித்த வெளிச்சம் வானத்துக்குப் போய்ச் சேரும், திரும்பாது. ஆனால் வளவைச் சுற்றியுள்ள பத்தியின் சுவர்கள், முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசி இழைத்த வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர்கள். அந்தச் சுவரைவிட நல்ல பிரதிபலிப்பான் கடையில் கிடைக்காது.

நான் செய்வது இது. பிளாஷ் கேமராவிலேயே இருக்கட்டும். அதன் தலையை மட்டும் எனக்குப் பின்பக்கமாக, இடது தோளுக்கு மேலே இருக்கும் சுவரை நோக்கித் திருப்பிவிடுவேன். பிளாஷின் முகம் மணமக்களின் கண்ணுக்கு நேரடியாகத் தெரியவே கூடாது, அது முக்கியம். வெளிச்சம் சுவரில் பட்டு, ஆள் உயர ஜன்னல் ஒன்றைத் திறந்த மாதிரி பரவி வரும். ஷட்டர் நொடியில் 80இல் ஒரு பங்கு, துளை எஃப் 4, ஐஎஸ்ஓ 1600. குத்துவிளக்கின் மஞ்சள் அப்படியே நிற்கும். தாலி கட்டும் திருப்பூட்டு நேரத்தில் பெண்ணின் நெற்றி வியர்வை மினுங்காது. கழுத்துருத் தாலியின் ஒவ்வொரு உருப்படியும் தனித்தனியாகத் தெரியும். ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் எண்பது வயது ஆச்சியின் கண்ணில், சுவரிலிருந்து வந்த வெளிச்சம் சின்னப் புள்ளியாக நிற்கும். நாங்கள் கேட்ச் லைட் என்போம். கண்ணுக்கு உயிர் தருவது அந்தப் புள்ளிதான்.

ஆச்சிமார்கள் கேமராவைக் கண்டதும் நிமிர்ந்து லென்ஸையே உற்றுப் பார்ப்பார்கள். “ஆச்சி, என்னைப் பாக்க வேணாம், பேத்தியைப் பாருங்க” என்று சொன்னால் போதும். பார்வை லென்ஸிலிருந்து சற்று விலகினாலே சிவப்பு குறையும். முகமும் இயல்பாக இருக்கும்.

மண்டபங்களில் வேலை வேறு. கூரை 12, 14 அடி உயரத்தில் வெள்ளையாக இருந்தால் மேலே அடிக்கலாம். பிளாஷின் பின்பக்கம் ஒரு வெள்ளை அட்டையை ரப்பர் பேண்டால் கட்டினால் கண்ணில் புள்ளியும் கிடைக்கும். கூரை மிக உயரமாகவோ நிறம் மாறும் எல்இடி பதித்த ஃபால்ஸ் சீலிங்காகவோ இருந்தால் அந்த வழி அடைபட்டுவிடும். அப்போது பிளாஷைக் கேமராவிலிருந்தே கழற்றிவிட வேண்டும். கம்பியில்லா ட்ரிக்கர் இன்று ஒரு பட்டுப்புடவையின் விலைக்கும் கீழே கிடைக்கிறது. லைட் பாய் ஒருவர் கம்பில் மாட்டிய பிளாஷை ஐந்தாறு அடி தள்ளி, தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்தால், பின்வரிசையில் நின்று ஜூமில் எடுத்தாலும் கண் சிவக்காது. வரவேற்பில் எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டு மணமக்களை மேடைக்கு அழைத்து வருகிறார்களே, கண்மணிகள் முழுக்க விரிந்திருக்கும் அந்த நேரத்துக்கு இதைத் தவிர வேறு வழி கிடையாது.

கேமராவில் ரெட் ஐ குறைப்பு என்றொரு வசதி உண்டு. படம் எடுக்குமுன் விளக்கை மினுக்கிக் கண்மணியைச் சுருங்க வைப்பது. தத்துவம் சரி. ஆனால் பொத்தானை அழுத்திய பின் ஏறக்குறைய ஒரு நொடி தாமதம் ஆகும். முதல் மினுக்கலிலேயே படம் எடுத்தாயிற்று என்று எண்ணி ஆட்கள் முகத்தைத் திருப்பிவிடுவார்கள். தாலி முடிச்சு ஒரு நொடி காத்திருக்காது. அதைவிட, அறை விளக்குகள் அனைத்தையும் போட்டுவிடச் சொல்லுங்கள். கண்மணி தானே சுருங்கும்.

அழித்தால் என்ன கெடும்?

திருத்தும் மென்பொருள் செய்வது எளிய வேலை: வட்டமான சிவப்பைத் தேடிப் பிடித்துக் கறுப்பாக்குவது. நம் வீட்டுப் படங்களில் வட்டமான சிவப்புக்குப் பஞ்சமா? குங்குமப் பொட்டு, மூக்குத்தியின் சிவப்புக்கல், தோட்டின் கெம்பு. தானியங்கித் திருத்தம் குங்குமத்தைக் கருப்பாக்கிய படங்களை நான் பார்த்திருக்கிறேன். சுமங்கலியின் நெற்றியில் கறுப்புப் பொட்டு வைத்து, 12க்கு 36 கரிஷ்மா ஆல்பத்தில் விரித்துக் கொடுத்தால் அந்த வீட்டுப் பெரியவர்கள் மனம் என்ன பாடுபடும்? கண்ணிலேயே சரியாகப் போட்டாலும், சிவப்போடு சேர்த்து ஒளிப்புள்ளியையும் அது மூடிவிடுகிறது. கண் இருக்கும், பார்வை இருக்காது. காசு வாங்கிக்கொண்டு ஒருவரின் பார்வையை அழித்துக் கொடுக்க எங்களுக்கு உரிமை இல்லை.

குழந்தையின் கண்

இனி சொல்லப்போவதுதான் நான் எழுத உட்கார்ந்ததன் முதன்மைக் காரணம்.

நாங்கள் விரட்டுகிற அதே சிவப்பை, கண் மருத்துவர்கள் தேடிப் போய்ப் பார்க்கிறார்கள். ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851இல் வெளியிட்ட கண்நோக்கியின் சூட்சுமமே, வெளிச்சத்தையும் பார்வையையும் ஒரே கோட்டில் கொண்டுவந்து கண்ணின் உட்புறத்தைப் பார்ப்பது. பச்சிளம் குழந்தையின் இரு கண்களிலும் சிவப்பு ஒளி ஒரேபோல் திரும்புகிறதா என்று மருத்துவர்கள் இன்றும் பார்க்கிறார்கள். திரும்பினால் நடுவில் தடை ஏதும் இல்லை என்று ஆறுதல் கொள்ளலாம். சிவப்புக்குப் பதில் வெள்ளையோ மங்கிய மஞ்சளோ தெரிந்தால் காரணம் தேட வேண்டும். பிறவிக் கண்புரையாக இருக்கலாம், விழித்திரைக் கோளாறாக இருக்கலாம், ரெட்டினோபிளாஸ்டோமா என்னும் விழித்திரைப் புற்றுநோயாகவும் இருக்கலாம். அந்தப் புற்றுநோய் பெரும்பாலும் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு வருவது. சீக்கிரம் கண்டால் உயிரைக் காப்பாற்றலாம், பல குழந்தைகளுக்குக் கண்ணையும் காப்பாற்றலாம். தாமதித்தால் இரண்டும் போகும்.

அமெரிக்காவில் பேய்லர் பல்கலைக்கழகத்தின் வேதியியலாளர் பிரையன் ஷா, தன் மகனுக்கு இந்த நோய் இருப்பது தெரிந்த பிறகு, குடும்பப் படங்கள் அத்தனையையும் தேதிவாரியாக ஆராய்ந்தார். மகன் பிறந்த 12ஆம் நாள் எடுத்த படத்திலேயே கண்ணில் வெள்ளை தெரிந்திருக்கிறது. நோய் கண்டறியப்பட்டதோ பல வாரங்கள் கழித்து. அவரும் குழுவினரும் அந்த ஆய்வை 2013இல் வெளியிட்டார்கள். படங்களில் இந்த வெள்ளையைத் தேடும் கைபேசிச் செயலி ஒன்றையும் உருவாக்கினார்கள். பிரிட்டனில் குழந்தைக் கண் புற்றுநோய் அறக்கட்டளை, பிளாஷ் போட்டுப் படம் எடுத்தால் கண்மணி வெள்ளையாகத் தெரியும் குழந்தைப் படச் சுவரொட்டிகளைப் பொது இடங்களில் ஒட்டிப் பெற்றோருக்குப் புரியவைத்தது.

எங்கள் ஸ்டூடியோவிலும் ஒரு முறை நடந்தது. ஒரு முதல் பிறந்தநாள் ஆல்பத்தில் சேர்க்கச் சொல்லி, உறவினர்கள் எடுத்த படங்களைக் குடும்பத்தார் பென் டிரைவில் கொடுத்திருந்தார்கள். எல்லாம் நேராக பிளாஷ் அடித்தவை. குழந்தையின் வலது கண் சிவந்திருந்தது. இடது கண் சாம்பல் வெள்ளை. அடுத்த படத்திலும் அப்படியே; வேறொருவர் வேறு கேமராவில் எடுத்ததிலும் அதே இடது கண். எடிட்டர் தம்பி இரண்டையும் கறுப்பாக்கப் போனார். நிறுத்தச் சொல்லிவிட்டு, குழந்தையின் தகப்பனாரை நேரில் வரவழைத்துக் காட்டினேன். பயமுறுத்தவில்லை. “ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம் தம்பி, ஆனா இந்த வாரமே கண் டாக்டர்கிட்ட காட்டிருங்க. இந்தப் படத்தையும் கொண்டு போங்க” என்றேன். பிறவிக் கண்புரை என்று தெரிந்தது; அறுவை சிகிச்சை நடந்தது. இன்னும் தாமதமாகியிருந்தால் மூளை அந்தக் கண்ணைப் பயன்படுத்தவே பழகாமல் போயிருக்கும் என்று மருத்துவர் விளக்கியதாகத் தகப்பனார் வந்து சொன்னார். அந்த இடது கண்ணை நாங்கள் கறுப்பாக்கிக் கொடுத்திருந்தால் ஆல்பம் அழகாக இருந்திருக்கும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு படத்தில் வெள்ளை தெரிந்ததும் நோய் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. குழந்தை சற்றுப் பக்கவாட்டில் பார்க்கும்போது, பார்வை நரம்பு கண்ணுக்குள் நுழையும் வெளிறிய வட்டத்தில் பிளாஷ் பட்டும் வெள்ளையாகத் தெரியலாம். படம் நன்றாக இருக்கிறது என்பதற்காக நோய் இல்லை என்றும் சொல்ல முடியாது. பல படங்களில், நேராகப் பார்க்கும்போது, அதே கண்ணில் திரும்பத் திரும்ப வெள்ளை வந்தால் தாமதிக்காமல் கண் மருத்துவமனைக்குப் போக வேண்டும். மதுரையில் அரவிந்தும் சென்னையில் சங்கர நேத்ராலயாவும் இருக்கும் மாநிலத்தில், வழி தெரியவில்லை என்று எவரும் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே என் வேண்டுகோள்கள் இவை.

தொழில் செய்யும் தம்பி, தங்கைகளுக்கு: பெரியவர்களின் படத்தில் சிவப்பு வராமலே எடுங்கள், பிளாஷைச் சுவருக்குத் திருப்புங்கள், அல்லது கழற்றித் தள்ளி வையுங்கள். குழந்தைகளின் விழாவில், அழகான படங்கள் அனைத்தையும் அப்படி எடுத்து முடித்தபின், ஒரே ஒரு படத்தை மட்டும் மாற்றி எடுங்கள். விளக்கைக் கொஞ்சம் குறைத்து, 15 அடி தள்ளி நின்று, பிளாஷை நேராக வைத்து, குழந்தை லென்ஸைப் பார்க்கும்போது ஒரு கிளிக். அதைத் திருத்தாமல் பெற்றோரிடம் கொடுங்கள். மருத்துவப் பரிசோதனைக்கு அது மாற்று கிடையாது. ஆனால் ஒரு சந்தேகத்தை நேரத்தோடு கிளப்ப அந்தப் படம் போதும். எடிட்டிங் செய்பவர்கள், இரண்டு கண்ணும் இரண்டு நிறமாக இருக்கும் எந்தக் குழந்தைப் படத்தையும் வீட்டாருக்குச் சொல்லாமல் தொடக் கூடாது.

குடும்பத்தாருக்கு: ஆர்டர் கொடுக்கும்போது ட்ரோன் உண்டா, டீசர் உண்டா என்று கேட்கிறீர்கள். பிளாஷை எப்படி வைப்பீர்கள் என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். குழந்தை பிறந்த வீட்டில், கைபேசியின் தானியங்கிக் கண் திருத்தத்தை அணைக்க வழி இருந்தால் அணைத்துவிடுங்கள். மண்டப உரிமையாளர்களுக்கு: அடுத்த முறை வண்ணம் பூசும்போது மேடைக்கு மேலுள்ள கூரைக்காவது வெறும் வெள்ளை அடியுங்கள், அது எங்களுக்கு மட்டுமல்ல, உங்கள் மண்டபத்தில் நடக்கும் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் நல்லது. கைபேசி செய்யும் நிறுவனங்களுக்கு: சிவப்பைத் திருத்துங்கள், ஆனால் மூலப்படத்தையும் கூடவே வைத்திருங்கள், திருத்தியதைச் சொல்லிவிட்டுத் திருத்துங்கள்.

இதற்கெல்லாம் பெரிய செலவு இல்லை. பிளாஷின் தலையைத் திருப்பக் காசு வேண்டாம். குழந்தையின் படத்தை ஒரு நிமிடம் உற்றுப் பார்க்கவும் காசு வேண்டாம். ஆவணியில் தொடங்கித் தை, மாசி வரை தமிழ்நாட்டுக் கல்யாணங்களிலும் காதுகுத்துகளிலும் பிறந்தநாள்களிலும் எத்தனை ஆயிரம் குழந்தைகள் எங்கள் லென்ஸுக்கு முன்னால் வந்து நிற்கப்போகிறார்கள்! மருத்துவர் பார்ப்பதற்கு முன்பே அந்தக் கண்களை நேருக்கு நேர் பார்க்கப்போகிறவர்கள் நாங்கள். “எடிட்ல பாத்துக்கலாம்” என்பதை இந்த முகூர்த்தத்தோடு விட்டுவிடுவோம், எடுக்கும்போதே பார்ப்போம்.